பார்ஸ்னிப் பாத்தி

என்னங்க,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. கொல்லைப் பாத்தியை மூடி சிமெண்ட் போட நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறீர்களாம்.

நம் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் விதைத்த பார்ஸ்னிப் அது. “வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும்மா. முளைக்கிறதுல மகா சோம்பேறி, அப்பா எந்திரிக்கிற மாதிரி. வரிசை தெரியக் கூடவே சீக்கிரம் முளைக்கிற முள்ளங்கி போட்டிருக்கேன்” என்றாள். அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று அந்த முள்ளங்கியையெல்லாம் பிடுங்கி எறிந்தீர்கள்.

இன்று அதே வரிசையில் பச்சை எட்டிப்பார்க்கிறது. களை இல்லை. களை எனக்குத் தெரியாதா?

கொத்தனார் வரட்டும். நான் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னை எழுப்ப நீங்கள்தான் குனிய வேண்டும். குனிந்தால் அது உங்கள் கண்ணில் படும்.

உங்கள் மகளின் அம்மா