பதினோரு பேரில் ஒருத்தி

எர்ணாவூர்
21.7.2025

அம்மு அப்பாவுக்கு,

கெங்கம்மா எழுதிக்கொள்வது. நானும் அம்முவும் நலம். சனிக்கிழமை மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பேட்டரி ஏற்றி வந்த லாரியை மறித்து நீங்கள் ஜெயிலுக்குப் போன பிறகு, பேட்டரிப் பெட்டிகள் போலீஸ் காவலோடு வந்து இறங்கிவிட்டன. கரி எரித்த இடத்தை ஒட்டி வரிசையாக வைத்திருக்கிறார்கள். பகலில் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்கு விடுமாம். அங்கே வேலைக்கு, அனல் மின் நிலையம் மூடி வேலை போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடும்பத்திலிருந்து பதினோரு பேரைக் கம்பெனி எடுக்கிறது. உங்களைக் கேட்காமல் எழுதிப் போட்டேன். என் பேர் வந்திருக்கிறது.

கோபப்படாதீர்கள். மார்ச்சில் கொதிகலன் நின்றதிலிருந்து அம்மு ஒரு நாள்கூட மூச்சிரைப்புக்குப் பம்ப் மருந்து அடிக்கவில்லை. அந்தப் பேட்டரியை நான் எப்படி வெறுப்பேன்? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கெங்கா

புழல்
25.7.2025

அன்புள்ள கெங்காவுக்கு,

அம்முவைப் பற்றிப் படித்து மனம் குளிர்ந்தது. பத்தொன்பது வருஷம் கரி போகும் பெல்ட்டில் கரித்தூளைத் தின்றவன் நான். கரி போனதற்காக அழவில்லை. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையத்தில் இடம் கொடுத்தவர்கள், எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குத்தான் மறித்தோம்.

இப்போது பதினோரு பேராம். மற்றவர்கள் கேட் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் பதினோரு பேரும் உள்ளே போனால் எங்கள் சங்கம் ஒரு வாரம் தாங்காது. அதற்காகவே எடுக்கிறார்கள். என்னோடு கைதான வரதனிடம் சொன்னேன். "அண்ணியே உள்ள போய்ட்டாங்கன்னா, நாம யாருக்கோசரம்ணே இங்க கெடக்குறோம்?" என்று கேட்டான்.

போகாதே கெங்கா. எல்லோரையும் எடுக்கட்டும், நானே உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன்.

எத்திராஜ்

எர்ணாவூர்
5.8.2025

அம்மு அப்பாவுக்கு,

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். நேற்று வேலையில் சேர்ந்தேன்.

கம்பெனி வேன் கேட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. சங்கத்தார் யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு ஜீனத் அக்கா மட்டும் அவர் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "சாயங்காலத்துல அம்முவ பாத்துக்குறேன்னு சொல்லிருந்தேன்ல, இனிமே என்னால முடியாது கெங்கா" என்றார்.

உள்ளே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். என்னோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எந்த மறியலிலும் சேரக் கூடாது, சேர்ந்தால் என் வேலை போகும் என்று இருந்தது. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு, இப்போதே போடு, இல்லையென்றால் கிளம்பு என்றார்கள். போட்டுவிட்டேன்.

திரையில் ஒவ்வொரு பெட்டியின் சூட்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றில் சூடு ஏறினால், தீப்பிடித்து அடுத்ததற்குப் பரவுவதற்குள் அந்த வரிசையை நிறுத்த வேண்டும். பயமாக இருக்கிறது. பிடித்தும் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைக்கும் என்றார் வக்கீல். எனக்கு லீவு இல்லை. வீட்டுக்கு வந்து என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கெங்கா

எர்ணாவூர்
9.8.2025

அன்புள்ள கெங்காவுக்கு,

நேற்றே வந்துவிட்டேன். சங்க அறையில் தங்கியிருக்கிறேன். இதை, என்னைப் பார்க்க வந்த அம்மு கையில் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்கு வரச் சொல்லிச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீயே அவளுக்கு எடுத்துச் சொல்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நான் வீட்டில் கால் வைத்தால் அந்தத் தாள் உன் வேலையைப் பறித்துவிடும். மறியலை விட்டுவிட்டு வர என்னால் ஆகாது. அதனால் இனி நாம் ஒரே வீட்டில் இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல். ஜீனத்திடமும் பேசிவிட்டேன். சாயங்காலம் அம்மு அங்கே இருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் உங்கள் வேனை மறிக்கிறோம். நான் முன்னால்தான் இருப்பேன். ஜாமீன் ரத்தாகும், தெரியும். நீ இறங்கி வராதே. என்னைக் கூப்பிடாதே. போலீஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போனதும் வேனுக்கு வழி கிடைக்கும். நேரத்துக்கு உள்ளே போய்விடலாம்.

எத்திராஜ்