கோழி என்று மொழிபெயர்த்தேன்

இன்று காலை ஒரு சின்னப் பெண் என் மேசையில் உம்முடைய டைனோசரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவளுடைய தாய் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வந்திருந்தார். விசாவுக்கு. இந்த மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு மனிதர்கள் வேறு எதற்கு வருகிறார்கள்? நான் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளை தன் படப் புத்தகத்தைச் சான்றிதழின் மேலேயே விரித்து வைத்தது. ஒரு சின்ன டைனோசர். முதுகெல்லாம் பஞ்சு போன்ற இறகு. பின்னால் நீண்ட வால், செம்மஞ்சளும் வெள்ளையுமாக வரி வரியாக.

"கோழி மாதிரி இருக்கு," என்றேன். பழக்கதோசம்.

"கோழி இல்லை அன்ரி, டைனோசர். இதுக்குச் செட்டை இருந்தது. கலர்கூடக் கண்டுபிடிச்சிட்டினம். கல்லுக்குள்ளை கலர் ஒளிச்சிருந்ததாம்."

"அன்ரிக்கு வேலை இருக்கு, கரைச்சல் குடுக்காதை," என்று தாய் புத்தகத்தை இழுத்தார். நான் விடவில்லை. கீழே இருந்த ஆங்கில வரிகளை இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளை சொன்னது சரிதான். கல்லில் எஞ்சியிருந்த நிறத்தின் அடையாளத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வால் செம்மஞ்சள் வரி.

நீர் போய் எட்டு மாதம். உம்முடைய தம்பி, ஊர்க் காணி அலுவலுக்கென்று, கனடாவிலிருந்து உம்முடைய மரணச் சான்றிதழை எனக்கே அனுப்பிவைத்தான். தமிழில் எழுதி, முத்திரை குத்தி, திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கு ஒரு வாலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வயது போனால் கண்ணீருக்கும் நேரகாலம் தெரிவதில்லை.

நீர் கொழும்புக்கு, இந்த வெள்ளவத்தைக்கு வந்தபோது இந்தக் கந்தோரில் நாங்கள் இரண்டு பேர்தான் தட்டச்சு செய்தோம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். ஆங்கிலம் அழகாகத் தட்டுவீர், சிங்களத்தில் ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தத் தெரியாது. எங்கள் மேலாளர் ஐயா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே விதியைச் சொல்வார்: "மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது. சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் அடியில் 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று போட்டுத் தனியாக எழுது." நீர் அதைப் பயபக்தியோடு கேட்பீர். நான் கொட்டாவி விடுவேன்.

அந்த யுத்த ஆண்டுகளில் எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து மறுபடி ஏறுவது, எங்காவது குண்டு வெடித்தால் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வரிசையில் நிற்பது. பயத்தைவிடக் களைப்புத்தான் அதிகம். அந்தக் களைப்புக்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து, கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் இருந்த வாடகைப் புத்தகக் கடை. ஞாயிறு பின்னேரங்களில் அதன் வாங்கில் உட்கார்ந்து, இந்தியாவிலிருந்து வரும் பழைய காமிக்ஸ்களை வைத்துச் சண்டை பிடிப்போம். முகமூடி போட்ட வீரனுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா கூடாதா என்று ஒரு மாதம் இழுபட்டோம். இருபத்தைந்து வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் காமிக்ஸுக்காகக் கத்துவதைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உமக்கு வெட்கமே கிடையாது. எனக்குக் கொஞ்சம் இருந்தது, உம்மோடு சேர்ந்து அதுவும் போயிற்று.

கார்ட்டூனைப் பற்றியும் சண்டைதான். வீட்டுக்காரம்மாவின் தொலைக்காட்சியில் சிங்களத்தில் பேசும் கார்ட்டூன்களை நீர் ஒன்றும் விடாமல் பார்ப்பீர், மொழி பழகுவதற்காம். "கோழி சிங்களம் கதைக்குது, நரி சிங்களம் கதைக்குது, நான் மட்டும் ஊமைபோலை நிக்கிறன்," என்பீர். அப்படிப் படித்ததில் மிருகங்களின் பெயர்கள் மட்டும் உமக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. அது பின்னால் எனக்கு வினையாக வந்தது.

பிறகு ஒரு நாள் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தீர். சீனாவில் கண்டெடுத்த ஒரு கல்லின் படம். அதில் ஒரு சின்ன டைனோசர், அதன் முதுகு நெடுக மயிர் போல ஏதோ ஒன்று.

"பாரும், இறகு."

"பாசியாயிருக்கும்," என்றேன். "பேப்பர்க்காரனுக்கு இடம் நிரப்ப வேணும்."

கடை முதலாளி ஜிந்துப்பிட்டிக்காரர். அவரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "என்னாம்மா இது, பல்லிக்கு எங்கயாச்சும் ரெக்கை மொளைக்குமா?"

"முதலாளி, கல் பொய் சொல்லாது," என்றீர் நீர். அதற்குப் பிறகு எந்த வாக்குவாதத்திலும் அதுதான் உம்முடைய கடைசிச் சொல். கல் பொய் சொல்லாது. அந்தத் துண்டை ஒரு சி.ஆர். கொப்பியின் முன்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டி, மறுபக்கத்திலிருந்து உம்முடைய சொந்தக் காமிக்ஸைக் கீறத் தொடங்கினீர்.

எவ்வளவு நன்றாகக் கீறினீர்! ஊரிலிருந்து ஒரு சின்ன டைனோசர் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை தேடுகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வீட்டுக்காரம்மா. "இது சைவ வீடு. மச்சம் சாப்பிடுவீரோ?" டைனோசர் பற்களை உதட்டால் மூடிக்கொண்டு, "இல்லை அம்மா, கீரை மட்டும்தான்," என்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்து முதலாளி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலர்ப் பென்சில்களில் செம்மஞ்சள் ஒன்றுதான் உம்மிடம் மிஞ்சியிருந்தது. அதனால் வாலுக்குச் செம்மஞ்சள் வரி. "கல்லிலையும் வாலிலை வரி தெரியுது, வடிவாய்ப் பாரும்," என்றீர். நான் பார்க்கவில்லை. "கோழி எப்பிடி இருக்கிறார்? அறை கிடைச்சுதோ?" என்று ஞாயிறு தோறும் கேட்பேன். உமக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அதைப் பார்க்கத்தான் கேட்பேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் இருந்த தபால் நிலையத்துக்கென்று கொப்பியோடு போனீர். அரைமணி நேரத்தில் முதலாளி மூச்சிரைக்க எங்கள் படியேறி வந்தார். "அம்மா, காலி ரோட்ல செக்கிங். உங்க கூட்டாளிய ஜீப்புல ஏத்திட்டாங்க. அந்தக் கொப்பியையும் எடுத்துட்டுப் போறாங்க."

நான் போனபோது நீர் பொலிஸ் நிலையத்தின் உள் அறையில் ஒரு மரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர். அதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அவரும் களைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். நான் மொழிபெயர்ப்பாளர் என்றதும் அவருக்கு நிம்மதி. கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவருடைய விரல் வாலின் மேல் இருந்தது. செம்மஞ்சள் வரி, கறுப்பு மைக் கோடு, வாய் நிறையப் பல், கையில் நகம். "இது என்ன? கொட்டியா?" என்றார் சிங்களத்தில். புலியா என்று. யாழ்ப்பாண விலாசமுள்ள அடையாள அட்டையோடு ஒருத்தி கொப்பி நிறையப் புலி கீறி வைத்திருந்தால் அந்த நாட்களில் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்.

நீர் என்னைப் பார்த்துச் சொன்னீர்: "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும்." பிறகு அவரைப் பார்த்து, வகுப்பில் ஒப்புவிப்பதுபோல, தமிழில் சொன்னீர்: "சேர், இது டைனோசர். இதுக்கு இறகு இருந்தது, சீனாவிலை கல்லிலை கண்டுபிடிச்சிருக்கினம். வாலிலை இருக்கிற வரி அந்தக் கல்லிலையும் இருக்கு. நான் கண்டதைத்தான் கீறினனான்."

நாலே நாலு வசனம். என் வேலை அதைச் சிங்களத்தில் சொல்வது.

நான் சொன்னேன்: "சேர், இது கோழி. சின்னப்பிள்ளைகளின் கதை."

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். "கோழிக்குப் பல்லா?"

"இவளுக்குக் கீறத் தெரியாது, சேர்."

அவர் சிரித்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் காட்டினார், அவனும் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். நீர் மட்டும் சிரிக்கவில்லை. 'குக்குளா' என்றால் கோழி என்று கார்ட்டூனில் படித்தவரல்லவா. உம்முடைய மூக்கு நுனி சிவப்பதைக் கண்டேன். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. வால் கீறிய பக்கத்தைக் கிழித்து அதோடு இணைத்தார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டீர். "கையெழுத்தை வையும்," என்றேன். வைத்தீர். கோழியைச் சரியாகக் கீறத் தெரியாத ஒருத்தியின் வாக்குமூலம் என்று அதற்குள் இருந்தது. நாலு மணிக்கு வெளியே வந்துவிட்டோம்.

காலி வீதியில் பஸ்கள் வழக்கம்போல இரைந்துகொண்டு போயின. ஒரு ஒழுங்கையைத் தாண்டினோம். பிறகு, "அங்கையும் நீர் வெண்டிட்டீர்," என்றீர். கொஞ்ச தூரம் போய், "காப்பாத்தினதுக்கு நன்றி," என்றீர். முதலாவதைவிட இரண்டாவதுதான் எனக்கு வலித்தது.

இத்தனை வருடமாக மனதால் அந்தப் பொலிஸ் அறைக்குள் போய்ப் போய் வருகிறேன். முன்னட்டையைத் திறந்து அந்தப் பத்திரிகைத் துண்டைக் காட்டியிருக்கலாம். அவர் மேசையில் ஆங்கிலக் கடிதங்கள் கிடந்தன, வாசிக்கத் தெரிந்த மனிதர். காட்டியிருந்தால் விட்டிருப்பாரா, விட்டிருக்கமாட்டாரா, எனக்குத் தெரியாது. நான் பயந்தேன், அது உண்மை. ஆனால் பயந்தவளின் வாயில் முதலில் வந்தது ஏன் கோழி? பூனை என்று சொல்லியிருக்கலாமே. ஞாயிறு தோறும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அது. உம்மைக் காப்பாற்றிய அதே நேரத்தில் உம்மை வெல்லவும் செய்தேன். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தெடுக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

அதற்குப் பிறகு நீர் புத்தகக் கடைக்கு வரவில்லை. "தலையிடி" என்பீர், "உடுப்புத் தோய்க்க வேணும்" என்பீர். முதலாளி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். நாலு மாதத்தில் உமக்குக் கனடா விசா வந்தது. போவதற்கு முதல்நாள் கொப்பியை என் மேசையில் வைத்து, "இனி எனக்கு வேண்டாம், நீர் வைச்சிரும்," என்றீர். செம்மஞ்சள் பென்சிலை எங்கே விட்டீரோ. அங்கே போய்ப் பனியைப் பற்றி எழுதினீர், நான் மழையைப் பற்றி எழுதினேன். நீர் எதையும் கீறுவதாக ஒரு கடிதத்திலும் இல்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

வருடத்துக்கு வருடம் கல்லுகள் வந்துகொண்டே இருந்தன. இறகுள்ள ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு செட்டையோடு ஒன்று. பத்திரிகையில் காணும்போதெல்லாம் வெட்டி எடுப்பேன். உறையில் உம்முடைய விலாசத்தையும் எழுதுவேன். அனுப்பினால் 'நீர் சொன்னது சரி' என்று ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரியை எழுதினால் அந்தச் செவ்வாய்க்கிழமையையும் எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று துண்டுகளைக் கொப்பிக்குள் வைத்தேன். யுத்தம் முடிந்தது. முதலாளியின் கடை கைபேசிக் கடையாயிற்று. கொப்பி தடித்துத் தடித்து இப்போது இறப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே உம்முடைய டைனோசருக்கு இன்னும் அறை கிடைக்கவில்லை.

மேலாளர் ஐயா இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பலகையில் இப்போது என் பெயர்தான் இருக்கிறது. எத்தனை பேரின் பிறப்பையும் கல்யாணத்தையும் இறப்பையும் எழுதிவிட்டேன். காணாமல் போனவர்களைப் பற்றித் தாய்மார் எழுதிய கடிதங்களையும் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒன்றிலும் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. பிழைவிட்ட ஒரே மொழிபெயர்ப்பு உம்முடையதுதான். அது எந்த அலுமாரியில், எந்தக் கோப்பில், கறையான் தின்ற எந்தத் தாளோடு கிடக்கிறதோ, அங்கே உம்முடைய டைனோசர் இன்னும் கோழிதான்.

காலையில் அந்தத் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, இன்று பின்னேரம் கந்தோர்த் தாள் ஒன்றை எடுத்தேன். இடப்பக்கம் தமிழில் நீர் சொன்ன நாலு வசனம், வலப்பக்கம் சிங்களத்தில் அதே நாலு வசனம். இது டைனோசர். இதற்கு இறகு இருந்தது, சீனாவில் கல்லில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாலில் உள்ள வரி அந்தக் கல்லிலும் உள்ளது. நான் கண்டதையே கீறினேன். அப்படியே எழுதினேன், நீர் கேட்டதுபோல. மூலத்துக்கு உண்மையானது என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். கொடுக்க ஆளில்லை. மடித்து உம்முடைய கொப்பிக்குள், கிழித்த பக்கம் இருந்த இடத்தில் வைத்தேன்.

வைத்த பிறகு மறுபடி வெளியே எடுத்தேன். ஐயாவின் விதிப்படி முத்திரைக்குக் கீழே தனியாக ஒரு வரி சேர்த்தேன், இரண்டு மொழியிலும்.

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: இவருக்குக் கீறத் தெரியும்.