நாற்பத்தொன்பது வள்ளம் சாமை

இன்று காலை எங்கள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கரி பூசினார்கள். ஏழாம் வகுப்புப் பெண்கள் வேலியிலிருந்து கோவை இலையைக் கொத்துக் கொத்தாகப் பறித்து வந்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, பழந்துணியில் தோய்த்துப் பலகையில் இழுத்தார்கள். அந்தப் பச்சை வாடை வராந்தா முழுக்க நின்றது. நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். சின்ன வயதில் என் சிலேட்டுக்கும் நீதான் கரி பூசித் தருவாய். நான் பூசினால் திட்டுத் திட்டாக இருக்கும் என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாய். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை. வருசத்துக்கு ஒரு தடவை நீயே மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இங்கே சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கி வந்துவிடுவாய்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து அரைப் பரீட்சைக் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் தனியாக வந்ததைப் பார்த்து, நீ சந்தையில் பேரம் பேசிக்கொண்டு பின்னால் வருகிறாய் என்று நினைத்தேன்.

"அவ இல்லீங்க டீச்சர். புரட்டாசியிலயே செத்துப் போயிட்டா" என்றார். "காய்ச்சலுங்க. கட்டில்ல போட்டுத் தூக்கிட்டு எறங்குனோம். பாதி மலை வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பொறவு அப்பிடியே மேல தூக்கிட்டுப் போயிட்டோமுங்க."

"அப்படியா" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டிருப்பேன். அவர் ஒரு சின்னத் துணிப்பையைச் சுவரோரம் வைத்தார். "சாமைங்க. வருசா வருசம் அவ கொண்டாந்து குடுப்பாளே" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நான் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து மறுபடி தாள்களைத் திருத்தினேன். மறுநாள், அந்த நேரத்தில் திருத்திய தாள்களை மட்டும் எடுத்துத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். எங்காவது தப்பு விட்டிருப்பேன் என்று இருந்தது. ஒரு தப்பும் இல்லை. எல்லாக் கூட்டலும் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதுவரை எனக்கு அழுகை வரவில்லை. கை மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி உன்னைப் பற்றி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எழுதினாலாவது ஏதாவது உறைக்குமா என்று பார்க்கிறேன்.

அப்பா முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்து, குண்டூர் நாடு என்கிற மலைப்பகுதியில் உங்கள் ஊர் ஓரமாக ஒரு கடை போட்டார். உப்பும் புகையிலையும் கொடுப்பார், மிளகும் சாமையும் வள்ளம் என்கிற அளவைப் பாத்திரத்தால் அளந்து வாங்குவார். அந்த ஊரில் மலைக்குக் கீழே இருந்து வந்த ஒரே பெண் குழந்தை நான். பள்ளிக்கூடம் என்பது ஒரு புல் கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து எப்போதும் கம்பளி போர்த்திக்கொண்டு இருப்பார், பாதி நாள் கீழேயே தங்கிவிடுவார். அவர் இருக்கிற நாளில் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாட்டைக் கத்துவோம். அதுதான் கணக்குப் பாடம். கத்தி முடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

நீ மட்டும் கத்த மாட்டாய். ஒன்பதாம் வாய்ப்பாடு எனக்கு வரவே வராது. நீ உன் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்து ஒரு விரலை மடக்கிக் காட்டினாய். மடக்கிய விரலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற விரல்கள் பத்துகள், அந்தப் பக்கம் இருக்கிறவை ஒன்றுகள். "எதுக்குப் புள்ள மனப்பாடம் பண்ற? கையிலயே இருக்குதே" என்றாய். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். ஆடு மேய்க்கும்போது சும்மா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அதற்குப் பிறகு நான் பயிற்சிப் பள்ளியில் படித்தேன், எத்தனையோ கணக்கு ஆசிரியர்களைப் பார்த்தேன். சும்மா விரலைப் பார்த்துக்கொண்டிருந்து ஒன்றைக் கண்டுபிடித்த ஆளை நான் வேறு பார்க்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கார்த்திகையில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். அடுத்த வருசம் சேந்தமங்கலம் ஹாஸ்டலில் தங்கி ஆறாம் வகுப்புப் படிக்க, மலைப் பிள்ளைகளில் தேறுகிறவர்களின் பேரை எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். நாமிருவரும் சேர்ந்துதான் போவது என்று முன்னமே முடிவு செய்திருந்தோம். ஹாஸ்டலில் யார் சுவர்ப் பக்கம் படுப்பது என்றுகூடச் சண்டை போட்டு முடித்திருந்தோம். உன் அப்பன் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "ஆபீசரு பேரு எழுதுனா அனுப்பறேன். எழுதலீன்னா ஆடு மேய்க்கட்டும்."

அன்றைக்குக் கொட்டகைக்கு எதிரே உங்கள் களத்தில் சாமை அடித்துக் குவித்திருந்தது. இன்னும் அளக்கவில்லை. உன் அப்பன் களத்தைவிட்டு வந்து கொட்டகை வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் மலையேறி வந்த களைப்பில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டார். நல்ல மனுசன். அதையும் சொல்ல வேண்டும்.

"நாப்பத்தொம்பதை ஏழால வகுத்தா எத்தனை?" என்று உன்னைக் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் "ஏழுங்க" என்றாய். வாத்தியார் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்து இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். ஒரு குடியானவனுக்கு நாற்பத்தொன்பது வள்ளம் சாமை விளைந்தது, அதை ஏழு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை வள்ளம்?

நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு "ஆளுக்கு ஆறுங்க. மீதி ஆறு நிக்குமுங்க" என்றாய்.

"இப்பத்தானே ஏழுன்னு சொன்னே?"

"அது கணக்குங்க. இது சாமைங்க."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது சரியான விடை. களத்தில் சாமையை அளக்கும்போது முதல் வள்ளத்தை யாரும் எண்ண மாட்டார்கள். வாய் பேசாமல் அதைச் சாமிக்கென்று தனியாகக் கொட்டிவிட்டு, அடுத்த வள்ளத்தில் இருந்துதான் 'ஒண்ணு' என்று ஆரம்பிப்பார்கள். நாற்பத்தொன்பது விளைந்தால் பிரிப்பதற்கு இருப்பது நாற்பத்தெட்டு. எங்கள் கடையில் வேறு மாதிரி. அப்பா முதல் வள்ளத்தைக் கொட்டும்போது 'லாபம்' என்று உரக்கச் சொல்வார், அடுத்தது 'ரெண்டு'. அவருக்கு முதல் வள்ளமும் கணக்கில் சேர்த்திதான்.

வாத்தியார் எழுந்து விசயத்தைச் சொன்னார். "கணக்கு நல்லா வர்ற பிள்ளைதாங்க. களத்து வழக்கத்துல சொல்லுது."

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். "எனக்குப் புரியுது" என்றார். "ஆனா கீழே போனா அங்கேயும் இப்படித்தானே எழுதும்? பரீட்சைத் தாளைத் திருத்தறவனுக்கு உங்க களம் தெரியுமா?" பிறகு உன் பக்கம் திரும்பி, "சாமிக்கு எடுக்கறதை விட்டுடு கண்ணு. மொத்தத்தையும் ஏழு பேருக்குப் பிரிச்சிடு. ஒரு தடவை சொல்லு, பேரை எழுதிக்கறேன்" என்றார்.

உனக்கு விடை தெரியும். அதை நீ ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியும் ஆயிற்று. நீ வாசலில் நின்ற உன் அப்பனைப் பார்த்தாய். அவருக்குப் பின்னால் அளக்காமல் கிடந்த குவியலைப் பார்த்தாய்.

"இன்னும் சாமிக்கு எடுக்கலீங்க" என்றாய்.

அடுத்து என்னைக் கேட்டார். நான் ஏழு என்றேன். அது சரியான விடை. அதற்காக நான் எப்போதும் வருத்தப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. நான் ஆறு என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் மலையிலேயே இருந்திருப்போம், அவ்வளவுதான். அவர் என் பேரை எழுதிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உன் அப்பன் களத்துக்குப் போனார். சாயங்காலம் வழக்கம்போல முதல் வள்ளத்தைத் தனியாகக் கொட்டினார். நீ கூடவே உட்கார்ந்து சாமை அள்ளிப் போட்டாய். நான் எங்கள் கடை வாசலில் இருந்து பார்த்தேன். நீ அழுததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு 'ஏழு' என்று பேர் வைத்தாய். நான் டீச்சராகி, கல்யாணமாகி, இந்த ஊரிலேயே வீடு பார்த்த பிறகும் அதை விடவில்லை. சந்தை அன்றைக்குத் தெருமுனையில் இருந்தே, "ஏனுங்க ஏழு, ஊட்ல இருக்கறீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிறாற்போலக் கூப்பிடுவாய். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வழி விடுவார். ஒரு தடவை உன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது கேட்டாய்: "ஆளுக்கு ஆறு போக மீதி ஆறு வள்ளம் நின்னுச்சே, அதை என்ன பண்றதுன்னு அந்த ஆபீசரு கேக்கவே இல்ல பாத்தியா?" என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். "வெதைக்கு வெப்பேன்" என்றாய். இது தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாய். உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் போடுவாயா என்றேன். "போடுவேன். களத்துல ஒரு கணக்கு, சிலேட்டுல ஒரு கணக்குன்னு மொதல்லயே சொல்லிப் போடுவேன்" என்றாய். அந்தப் பேச்சில் மட்டும் கேலி இல்லை.

இப்போது புத்தகத்தில் வள்ளமும் இல்லை, படியும் இல்லை. லிட்டரும் கிலோவும் வந்துவிட்டன. மலைக்கு ரோடு போடப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். சத்தம் இங்கே வரை கேட்கிறது. கணக்கு மட்டும் நம் கொட்டகையில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. என் வகுப்புப் பெண்கள் வழியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் மிரண்டு போகிறார்கள். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் கணக்கில் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள் என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டுக் கேட்கிறார். பிள்ளைகளுக்குப் புத்தி போதாது என்று ஒருவர் சொல்வார், வீட்டில் கவனிப்பில்லை என்று இன்னொருவர் சொல்வார். என் முறை வரும்போது நான், "அது கணக்குங்க, இது சாமைங்க" என்று சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். சொன்னதில்லை. சொன்னால் நாற்பத்தொன்பது வள்ளத்திலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொல்ல வேண்டும். அங்கே யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது?

ஒன்று மட்டும் செய்கிறேன். விடை தப்பாக இருந்தால் உடனே சிவப்பு மையில் அடிப்பதில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எப்படி வந்தது என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதியிருப்பாள். ஆனாலும் கேட்கிறேன். தாள் திருத்த எனக்கு நேரமாகிறது என்று எல்லோருக்கும் என் மேல் கோபம்.

இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிப்பை கண்ணில் பட்டது. ஒரு வாரமாக எறும்பு வராமல் இருந்ததே பெரிது. பானையில் கொட்டி வைக்கலாம் என்று எடுத்தேன். ஒவ்வொரு வருசமும் அதை நீதான் செய்வாய். அப்பா கடையை மூடியபோது நான் எனக்கென்று கேட்டு வாங்கி வந்த வள்ளத்தை நடு வீட்டில் வைத்துக்கொண்டு, முதல் வள்ளத்தைப் பேசாமல் தனியாகக் கொட்டிவிட்டு, "ஒண்ணு" என்று ஆரம்பிப்பாய். நான் வேண்டுமென்றே "லாபம்" என்பேன். "கடைக்காரன் மகளுக்குப் புத்தி எங்க போகும்" என்று என் கையில் ஒரு தட்டுத் தட்டுவாய்.

அதே வள்ளத்தை எடுத்து, அதே இடத்தில் உட்கார்ந்து, பையை அவிழ்த்துச் சாய்த்தேன். வள்ளம் நிறைந்தது. லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்று என்றும் சொல்லவில்லை. பேசாமல் அதைத் தனியாக ஒரு தட்டில் கொட்டினேன். இனி எண்ண ஆரம்பிக்கலாம் என்று பையை மறுபடி சாய்த்தேன்.

பையில் ஒன்றும் இல்லை. உன் வீட்டுக்காரர் கொண்டு வந்தது ஒரு வள்ளம்தான்.