பிரேக் லைட்டுக்கு எண் ஆறு

பெரியப்பா, உங்கள் ஜீப்பின் பின்னால் இருக்கும் டிரெய்லர் சாக்கெட்டை இன்று காலை நான் கழற்றினேன். நீங்கள் சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் இளகி, பிசின்போல் என் விரல்களில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அந்தப் பிசுக்கோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இறந்த பிறகு உங்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேசுவது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

போன கோடையில் வாசலில் ஜீப்பை நிறுத்தி அந்தச் சாக்கெட்டை நீங்கள் மாட்டியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வட்டமான சாக்கெட், ஏழு ஓட்டைகள். ஜீப்பிலிருந்து மின்சாரம் அதன் வழியாகத்தான் டிரெய்லரின் விளக்குகளுக்குப் போகிறது. தக்காளிப் பெட்டிகளை அடுக்கிவிட்டால் ஜீப்பின் சொந்த விளக்குகள் மறைந்துவிடும். பின்னால் வருகிறவருக்கு டிரெய்லர் விளக்கு காட்டுவதுதான் செய்தி. ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் பொடியாக ஓர் எண் இருந்தது. ஜீப்போடு வந்த கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமும் இருந்தது.

"ஒண்ணாம் நம்பரு லெஃப்ட் இண்டிகேட்டருங்க பெரியப்பா. பிரேக்குக்கு ஆறுங்க. நீங்க ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டீங்க" என்றேன்.

நீங்கள் ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்வியபடியே சிரித்தீர்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, "ஏம்புள்ள, கரண்டுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுமா? இந்தப் பக்கம் மாறிப்போனா அந்தப் பக்கமும் மாத்திப்புட்டாப் போச்சு" என்றீர்கள்.

அப்படியே செய்தீர்கள். சாக்கெட்டில் செய்த தவறை டிரெய்லரின் பிளக்கிலும் செய்தீர்கள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. அதை நான் மறுக்கவில்லை. "வேற டிரெய்லர் மாட்டுனா என்னாங்க ஆகும்?" என்று கேட்டேன். "எங்க வூட்டு வண்டி, எங்க வூட்டு டிரெய்லரு. ஊரான் டிரெய்லர நான் எதுக்கு இழுக்கறேன்?" என்றீர்கள்.

மறுநாள் பால் வாங்க டீக்கடைக்கு வந்தேன். "இஞ்சினியரம்மா வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்கடா" என்றீர்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று சிரித்தார்கள். அதன்பின் பால் வாங்க நான் வேறு தெரு வழியாகப் போனேன். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள்.

மார்கழியில் நெஞ்சு வலி என்று படுத்தீர்கள், எழவில்லை. ஜீப் அப்பாவிடம் வந்தது. இந்த மாதம் உங்கள் டிரெய்லரின் அச்சு உடைந்தது. பறித்த தக்காளி காத்திருக்குமா? அப்பா பாலக்கோட்டிலிருந்து ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து வந்தார். நான் அப்போது தருமபுரியில், பள்ளி விடுதியில் இருந்தேன். அப்பா பிரேக்கை மிதித்து, "எரியுதா?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் நின்ற அம்மா, "எரியுதுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஏதோ ஒன்று எரியத்தான் செய்தது.

மலை இறக்கத்தில் ஒரு வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. அப்பா பிரேக் அடித்தார். டிரெய்லரில் சிவப்பு எரியவில்லை. இடது பக்கத்து மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர், அப்பா ஒதுங்கி வழி விடுகிறார் என்று நினைத்து வேகமாக முந்த வந்து மோதினார். ஜீப் பாறையில் போய் முட்டியது. அப்பாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஊரில் பேசியதைக் கேளுங்கள். "இண்டிகேட்டரப் போட்டுட்டு எவனாச்சும் பிரேக் அடிப்பானா?" "அண்ணன் ஓட்டுன வண்டி. இவனுக்கெல்லாம் அந்தக் கை வருமா?" நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் இண்டிகேட்டர்ல கையே வெக்கலம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெச்சிருப்பனோ என்னமோ" என்றார். இனி வண்டியைத் தொடப்போவதில்லை என்றும் சொன்னார். எலும்பு முறிந்ததைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. உங்கள் கைவேலைக்காக அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார்.

இன்று காலை அவரை வற்புறுத்தி, அந்த வாடகை டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தினேன். நான் ஏறி பிரேக்கை மிதித்தேன். மஞ்சள் எரிந்தது. "இன்னொருக்கா மிதி" என்றார். மிதித்தேன். பிறகு சாக்கெட்டைத் திறந்து அந்த எண்களைக் காட்டினேன். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினேன். இப்போது மிதித்தபோது சிவப்பு எரிந்தது. அப்பா வெகுநேரம் அந்தச் சிவப்பையே பார்த்தார். "அப்போ நான் வெக்கல" என்றார்.

அச்சு உடைந்து கிடக்கும் உங்கள் டிரெய்லரின் பிளக்கையும் பிரித்துச் சரி செய்துவிட்டேன். நீங்கள் மாற்றிக் கொடுத்த இணைப்பு இனி எங்கள் வீட்டில் எதிலும் இல்லை.

மதியம் பால் வண்டிக்காரர் அப்பாவைப் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். "உங்கண்ணன் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமாங்க?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆயிருக்காதுங்க. எனக்குத்தான் கவனம் தப்பிப்போச்சு" என்றார் அப்பா.

அவர் போன பிறகு, "ஏம்ப்பா?" என்று கத்திவிட்டேன். "செத்துப்போன மனுசன்மா. வந்து பதில் சொல்லவா போறாரு? எனக்குத் தெரிஞ்சாப் போதும். கட்டு பிரிச்சதும் நானே ஓட்டறேன். நீ யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

அப்பா பெருந்தன்மையானவர். நான் அப்படி இல்லை. எழுந்து நின்று சிரித்த அந்தப் பெஞ்சு முழுவதும் இன்னும் உங்களைத்தான் கெட்டிக்காரர் என்கிறது. ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் என் கோபம் புதிதாகிறது. அதை ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் அப்பா சொன்னார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.