மேசைக்கடியில் ஓர் உதை

இன்றைக்கு நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். வங்காள விரிகுடாவே எழுந்து வந்து, கைகட்டி நின்று சாட்சி சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீயோ சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால் இதில் பாசத்தைத் தேடாதே. கோபத்தில் எழுதுகிறேன். பேனா முனை தாளைத் தாண்டி, மேசைப் பலகையைத் தாண்டி, மணலில் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறது.

லூர்து அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் மணலை ஒட்டித் தகரக் கூரை போட்ட அதே மீன் கடை. அதே ஓரத்து மேசை. முன்னால் வஞ்சிர வறுவல் ஆறிக்கொண்டிருக்கிறது. மிளகாயும் எண்ணெயும் கடல் காற்றும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை. உன் மேல் எரிச்சல்தான் வந்தது.

நம் ஞாயிற்றுக்கிழமைகளை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அபிராமபுரத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு. நான் தாய்ப்பாலை நிறுத்திய அன்றே நெத்திலிக் குழம்பில் கை வைத்தவன். நீ, முட்டை என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் வீட்டில் பிறந்தவன். ஆனாலும் முப்பது வருடம் ஞாயிறு தவறாமல் என்னோடு இந்த மீன் கடைக்கு வந்தாய். நான் மீன் சாப்பிட, எதிரே நீ தயிர்சாதம் சாப்பிட்டாய். அந்தத் தயிர்சாதம் உனக்காகவே அடுத்த தெரு மெஸ்ஸிலிருந்து தூக்குவாளியில் வரும். இந்தக் குப்பம் முழுக்க உனக்குத் 'தயிர்சாத சார்' என்றுதான் பெயர்.

"மீனைத் திங்கறது நீ, அவஸ்தைப்படறது என் மூக்கு" என்பாய். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஆத்துல கேட்டா காத்து வாங்கப் போனேன்னு சொல்லு" என்றும் சொல்லுவாய்.

அந்த மூக்கு இருக்கிறதே! பொரிப்பதற்கு முன்னால் பச்சை மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவது இந்தக் கடையின் வழக்கம். எனக்கு எல்லா மீனும் ஒரே வாசனை. பிறந்தது முதல் மீனுக்குள்ளேயே கிடந்த மூக்குக்கு வேறு எப்படித் தெரியும்? உனக்கோ, மீன் என்றாலே ஆகாத மூக்கு. புது மீனென்றால் முகம் சுளிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு நாள் பழசாகிவிட்டால் போதும், ஆந்திரக் கரையில் இருந்தாலும் உன் குடல் புரளும். ஆனால் மீனைப் பற்றி வாயைத் திறப்பது உனக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் மேசைக்கடியில் என் வலது முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விடுவாய். உதை விழுந்தால் மீன் திரும்பிப் போகும். விழாவிட்டால் எண்ணெய்க்குப் போகும். நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உச்ச நீதிமன்றமே தோற்கும் தோரணையில் தீர்ப்பு சொல்லுவேன். எனக்கு இந்தக் கரையில் கிடைத்த பெரும் புகழ் அத்தனையும் உன் செருப்பு நுனியில் இருந்தது.

உன் வீட்டுக் கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள், "சாந்தமான மனுஷர், ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்லே." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எறும்பை மிதித்திருக்கமாட்டாய். உன் பலத்தையெல்லாம் என் காலுக்கல்லவா சேமித்து வைத்திருந்தாய்!

ஆனால் என் உண்மையான கோபம் வேறு. கடைசி சில மாதங்களில் உன் உதை தேய்ந்துகொண்டே வந்தது. பட்டாம்பூச்சி உட்கார்ந்து எழுந்தாற்போல ஒரு தொடுகை. "என்னடா, உதைக்கக்கூடச் சோம்பலா?" என்று கேட்டேன். "காத்தால நடந்தது ஜாஸ்தியாயிடுத்து" என்றாய். அகலமான ரப்பர் செருப்புக்கு மாறியிருந்தாய். பாதம் வீங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இருதயம் பெருத்துப் போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னது உன் மனைவிக்குத் தெரியும், உன் மகனுக்குத் தெரியும், வாசலில் கீரை விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. "அவன்கிட்ட சொல்லாதே, ஞாயித்துக்கெழமை பாழாயிடும்" என்றாயாம். யாரைக் கேட்டு என் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றினாய்? சனிக்கிழமை இரவு தொலைபேசியில், "நாளைக்கு வரேண்டா, ஓரத்து மேஜையைப் பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டு விடிவதற்குள் போனாயே, அது மனிதன் செய்கிற காரியமா?

நீ போன பிறகு இந்த ஊரில் கெட்ட மீனே இல்லை. தட்டு வரும். காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பேன். உதை வராது. உதை வராவிட்டால் நல்ல மீன் என்பதுதானே நம் ஒப்பந்தம்? எல்லா மீனையும் பொரிக்கச் சொன்னேன். இரண்டு முறை என் வயிறு கடலைவிடப் பெரிய அலை அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அதற்கெல்லாம் சேர்த்து ஒரு சோதனை வந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அதன் தலைவர் தி.நகர் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தையே ஒற்றை ஆளாக விலக்கிவிடக்கூடிய குரல் உள்ளவர். வஞ்சிரத் தட்டைப் பார்த்ததும் கத்தினார்.

"இன்னாம்மா இது? வாரக்கணக்கா ஐஸ்ல கெடந்ததைத் தள்றீங்களா? இப்பவே போட்டோ புடிச்சுப் போடறேன், நாளைக்கு ஒரு ஈ காக்கா வராது உன் கடைக்கு!"

இப்போது கடையை நடத்துவது லூர்து அண்ணனின் மகள் ஸ்டெல்லாதான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் ஏற்கெனவே போனைத் தூக்கிவிட்டார். சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"இவரு சொல்லட்டும் சார். முப்பது வருசமா எங்க கடையில இவரு சொல்றதுதான் தீர்ப்பு. மாமா, பாத்து சொல்லு மாமா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடினேன். தலையைச் சாய்த்தேன். மேசைக்கடியில் காலை நீட்டினேன். ஒரு யுகம் போனது. கண்டங்கள் நகர்ந்தன. உதை வரவில்லை. மீன் நல்லதாக இருப்பதால் வரவில்லையா, நீ இல்லாததால் வரவில்லையா? அந்தப் பெண்ணின் சோறு என் நாக்கில் தொங்குகிறது. நானோ கண்ணைத் திறந்து, எதிரிலிருந்த காலி நாற்காலியை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உன்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

"இன்னா மாமா, மொறச்சுக்கினே கீற? வாயத் தொறந்து சொல்லு" என்றாள் ஸ்டெல்லா, பாதி அழுகையில்.

கண்ணைத் திருப்பினபோதுதான் பார்த்தேன். அந்தக் குடும்பத்து மேசைக் கோடியில் புது மருமகள் ஒருத்தி. துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கிண்ணம் தயிர்சாதம்.

எழுந்து போனேன். தட்டை அவள் எதிரில் நீட்டினேன்.

"அம்மா, கோவிச்சுக்காம இதை மோந்து பாத்துச் சொல்லு."

"ஐயோ மாமா, எங்காத்துல முட்டைகூடக் கிடையாது. எனக்கு இதெல்லாம் தெரியாது."

"அதனாலதான் கேக்கறேன்."

துப்பட்டாவை ஓரங்குலம் விலக்கினாள். முகத்தைச் சுளித்தாள். அவ்வளவுதான். "இது பரவாயில்லை. சும்மா கடல் வாசனை. அதோ அங்க வெச்சிருக்கேளே, அந்த இறால், அதைத்தான் தயவுசெஞ்சு எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ. உக்காந்ததுலேர்ந்து என்னால முடியலை."

ஸ்டெல்லா ஓடிப்போய் இறால் தட்டை முகர்ந்தாள். அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள். மாமனார் போனைக் கீழே வைத்துவிட்டு, "இவ இது ஒண்ணாவது உருப்படியா சொன்னாளே" என்று முணுமுணுத்தார். "உங்க வீட்டு வாசனையிலேயே நல்லாப் பழகிட்டேன் மாமா" என்றாள் அவள். மேசை முழுக்கச் சிரித்தது.

கல்லாவிலிருந்து லூர்து அண்ணன் கையை ஆட்டிக் கூப்பிட்டார். எண்பதைத் தொட்டவர். இப்போது அதிகம் பேசுவதில்லை.

"நம்ம தயிர்சாத சார் மூக்கு திரும்ப வந்துடுச்சு பாத்தியா, சார்?"

"உனக்கெப்படித் தெரியும் அண்ணே?"

"கல்லாவுல குந்திக்கினு இருக்கறவனுக்கு மேஜைக்கு மேல ஒண்ணும் தெரியாது சார், கீழதான் எல்லாம் தெரியும். அவரு காலு ஆடிச்சுன்னா நான் அந்த மீன கொழம்புலகூடப் போட வுடமாட்டேன். ஊரு பூரா உன்னப் பாத்துக்கினு இருக்கும். நான் அவரு காலப் பாத்துக்கினு இருப்பேன்."

ஆக, இந்தக் கடை முப்பது வருடம் நின்றது உன் ஒற்றைக் காலில். அதை உன்னிடம் சொல்லி உன்னைக் கர்வப்படுத்தக்கூட நீ இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பெண் மீதும் ஆத்திரம்தான். எவ்வளவு சுளுவாக உன் வேலையைச் செய்துவிட்டாள்! உன் வேலையை இன்னொருவர் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஸ்டெல்லா அவளிடம், "வாராவாரம் வந்துடுக்கா, தயிர்சாதம் நம்மளது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வரட்டும். கடை பிழைக்கட்டும். ஆனால் ஓரத்து மேசையில் எதிர் நாற்காலி கிடையாது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

வறுவல் ஆறிவிட்டது. நல்ல மீன்தான் என்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்திரக் கரை வரை எட்டும் மூக்கு, கிணறு வெட்டும் பேனா, நகர்ந்த கண்டங்கள் எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. நான் சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய்: இதை எழுதுகிற இந்த நேரத்திலும் என் வலது கால் மேசைக்கடியில் கொஞ்சம் முன்னால் நீட்டித்தான் இருக்கிறது.