ஒரே வழி வைத்த புதிர்

மே 14, வியாழன்

கேமில் வரும் புதிர் கதைக்குள்ளிருந்தே வர வேண்டும், வழியை அடைக்கிற வெறும் பூட்டாக இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். இன்று அம்மா நான் உருவாக்கிய கேமை நடுவிலேயே நிறுத்திவிட்டாள்.

கேமில் ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடிவந்து, மரக்காணத்தில் சென்னை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உப்பளத்து வரப்பெல்லாம் அவளைத் தேடுகிறவர்கள் நிற்கிறார்கள். உப்பு விளைந்த பாத்திக்குள் இறங்கி நடந்தால்தான் தப்ப முடியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் புதிர். இருபது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிற அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். வழியை உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் இறங்கவில்லை.

“நாளைக்கு வாரப்போற உப்புடி இது. சேத்துக் கால வெச்சு மிதிப்பாங்களா?”

“கேம்தானேம்மா! வேற வழியே நான் வைக்கல.”

“அப்ப அவ இங்கயே கெடக்கட்டும்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னையில் கிடைத்திருக்கும் வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இரண்டு மணி நேரமாக இன்னொரு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேமுக்குத்தான்.