சிங்கப்பூர், ஹாங்காங், இரண்டு அரளிப்பூ

மார்ச் 4, 1974, திங்கள்

கத்தரிக்காய்க் காரக்குழம்பு. குழாயில் ஆறு மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் இன்றைக்கு எழுத வேறு விஷயம் இருக்கிறது.

மத்தியானம் இவர் கடையிலிருந்து வரும்போதே முகமெல்லாம் பல். போன வருஷம் தங்கள் சேலையை அதிகமாக விற்ற கடைக்காரரை, கோயம்புத்தூர் மில்காரர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஐந்து நாள், மனைவியோடு. பாண்டி பஜாரில் எங்கள் கடைதான்! சிங்கப்பூரா ஹாங்காங்கா என்று பதினாறாம் தேதிக்குள் நாங்கள் சொல்ல வேண்டும்.

"எங்க போகலாம், தேவானை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "சிங்கப்பூர்தான். அக்கா இருக்காகள்ல" என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். அப்புறம் என்னை எதற்குக் கேட்டாராம்?

மார்ச் 5, செவ்வாய்

ஹாங்காங். ஹாங்காங். ஹாங்காங். இங்கேயாவது சொல்லிப் பார்க்கிறேன்.

மார்ச் 6, புதன்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பழனிக்குப் போனோம், சத்திரத்தில் சமைத்தேன். மதுரைக்குப் போனோம், சின்ன மாமனார் வீட்டில் முப்பது பேருக்குத் தோசை ஊற்றினேன். கொடைக்கானலுக்குக்கூடப் போனோம் — மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கூடவே வந்தது. ஏரி இருந்ததாம். இவர் சொல்லித் தெரியும்.

சிங்கப்பூரில் நாத்தனார் சுந்தரவல்லி. தங்கமானவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் வந்திருக்கிறோம் என்றால் அங்குள்ள நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் விருந்துக்குக் கூப்பிடுவார். "தேவானை கையால பால் பணியாரம்" என்பார். முடிந்தது.

மெதுவாக, "ஹாங்காங்கில் புதுப்புதுத் துணியெல்லாம் பார்க்கலாமே" என்றேன். "சிங்கப்பூர்ல துணி இல்லையாக்கும்?" என்றார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவர் அக்காளைக் குறை சொன்னதாக ஆகிவிடாதா?

மாடி வீட்டுக் காமாக்ஷியிடம் சொன்னேன். பாட்டு டீச்சர், எதையும் ஒரு சுருதி தூக்கித்தான் பேசுவாள். "அங்கெல்லாம் எதுல என்ன போடுவான்னே தெரியாதாமே! அஞ்சு நாளும் பட்டினிதான் கிடக்கப்போறேள்!" என்றாள். கிடக்கிறேன். நான் சமைக்காத பட்டினி.

மார்ச் 7, வியாழன்

இவரே ஒரு வழி சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை, முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்போம்; இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, சிவப்பு வந்தால் சிங்கப்பூர், வெள்ளை வந்தால் ஹாங்காங். எங்கள் வீட்டில் கடைக்கு இடம் பிடித்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் இப்படித்தான். பூ வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

தெருமுனைப் பூக்காரம்மாவிடம் அரளி வாங்கினேன். "இன்னாமா, ரெண்டும் வெள்ளையா கேக்குற? பூப்போட ஒண்ணு சேப்பு வோணுமே" என்றாள். சிவப்பு வீட்டில் இருக்கிறது என்றேன்.

இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் கட்டினேன். வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் சுற்றி, சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். தாயே, ஒரே ஒரு தடவை.

மார்ச் 8, வெள்ளி

சிவப்பு.

நான் இரண்டிலும் வெள்ளை கட்டினேன். குருக்கள் அம்மன் காலடியில் வைத்தார். பாவாடை கட்டிய ஒரு குட்டிப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். சிவப்பு! எடுக்காத பொட்டலத்தைக் குருக்கள் எங்கள் கூடையிலேயே போட்டார். அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

சோறு இறங்கவில்லை. அம்மனிடமா விளையாடினேன்?

மார்ச் 11, திங்கள்

நாத்தனாருக்கு வடகம் பிழிந்தேன். மிளகாய்ப்பொடி, மாவத்தல் எல்லாம் வேண்டுமாம். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான் இவ்வளவு அடக்கமாக இருப்பதைப் பார்த்து இவர்தான் இரண்டு தடவை "உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

மார்ச் 13, புதன்

கூடையைக் கழுவ எடுத்தபோது, குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் அந்த இன்னொன்று. கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அது என் கட்டு இல்லை. குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மேலே விரல் நுழைய ஒரு வளையம் — சேலைப் பார்சலுக்கு எங்கள் கடையில் போடுகிற கட்டு! வாங்கினவர்கள் தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்குமே, அது. அம்மனுக்கு எதற்கு வளையம்? கை பழகிவிட்டது, அதுபாட்டுக்குப் போட்டிருக்கிறது.

பிரித்தேன். சிவப்பு. அட மனுஷா!

மார்ச் 14, வியாழன்

சாப்பிட உட்கார்ந்தார். இலைக்குப் பக்கத்தில் அந்த நார்க்கட்டை வைத்தேன். ரசச் சோற்றை நெடுநேரம் பிசைந்தார்.

"நீ மட்டும் என்னவாம்?" என்றார் கடைசியில். "சிவப்பு எதுலன்னு பாக்கத்தான் பிரிச்சேன். ஒண்ணு வெள்ளை. அடுத்ததைப் பிரிச்சா அதுவும் வெள்ளை!"

"பாத்தப்புறமும் மாத்துனீகளா?"

"நீ ரெண்டு போட்டா, நான் ரெண்டு போடக்கூடாதா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "எங்க போனாலும் எனக்கு அடுப்படிதான? கொடைக்கானல் போயும் அடுப்படி! உங்க அக்கா தங்கமானவுக, ஆனா அங்கயும் அடுப்படி! என்னை யாருக்குமே தெரியாத ஊரை ஒரு தடவை நான் பாக்கக்கூடாதா?" கத்தவில்லை என்று எழுத வந்தேன். கத்தினேன். மாடியில் காமாக்ஷி பாட்டு வகுப்பையே நிறுத்திவிட்டாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கேட்டீகளா?"

கை கழுவிவிட்டு, மத்தியானத் தூக்கம்கூடப் போடாமல் கடைக்குப் போய்விட்டார்.

மார்ச் 16, சனி

மில்லுக்குக் கடிதம் போய்விட்டது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

கோயிலுக்குப் போய் இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவர் என்னைவிடப் பலமாக.

மே 21, செவ்வாய். ஹாங்காங்

வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறினோம். நாத்தனார் அங்கேயே வந்து வடகத்தை வாங்கிக்கொண்டார். "கொடுத்து வச்சவ" என்றார் என்னைப் பார்த்து. கோபமா, ஆசையா, தெரியவில்லை.

அறை ஒன்பதாவது மாடி. புளிக்காய்ச்சல்கூட நான் எடுத்து வரவில்லை. காலையில் ரொட்டியும் பழமும். ஒரு மணிக்கு இவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "தேவானை, சாப்பாட்டுக்கு என்ன?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலை நான் சொன்னதே இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கும் சேர்த்து ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கக் கீழே போயிருக்கிறார். முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.